சாமி அறையில் ஒரு பேட்டரி

போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் என் கொழுந்தன் சிவம் செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் சாமி அறைக்குள் நுழைந்துவிட்டான்.

பயபக்தி உள்ள பிள்ளை. கோயிலுக்குப் பத்தடி முன்பே செருப்பை விடுகிறவன். அவனா இப்படி?

அதற்கு முன்னால் என் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – பயப்படுவது எனக்கு முழுநேர வேலை. எழுதுவது பகுதிநேரம்தான்.

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா. மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சுக்குள் அனுப்பும் நெபுலைசர் இல்லாமல் அவருக்குப் பொழுது ஓடாது. அது கரண்டில் ஓடுவது. எங்கள் ஜெலுத்தோங் வீட்டிலோ, பலமாக ஒரு இடி இடித்தால் கரண்ட் போய்விடும். இரண்டு மாதத்துக்கு முன்னால், அவர் முகமூடியை மாட்டிய நேரம் பார்த்துப் போனது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சுக்குத் தவித்தார். நான் விசிறிக்கொண்டு நின்றேன்... விசிறி என்ன செய்யும்? அன்றிலிருந்து வானம் கறுத்தாலே நான் நெபுலைசர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

வழி சொன்னவன் சிவம்தான். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பராமரிக்கிறவன். கடலில் மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்திய சோலார் தகடு ஒன்றை வாங்கி வந்து எங்கள் கூரையில் ஏற்றினான். பேட்டரியை மட்டும் அண்ணி பார்த்து வாங்கட்டும் என்றான். என்னிடம் போய்!

இரண்டு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப் தவுக்கே, அதான் சீன முதலாளி, லாரி பேட்டரியே போதும் என்றார். சிவம் வேண்டாம் என்றான். லாரி பேட்டரி ஒரே உதையில் வண்டியைக் கிளப்பத்தான் லாயக்கு, நின்று நிதானமாக உழைக்காது, நாலு தடவை காலியானால் படுத்துவிடும் என்றான். ஃபோர்க்லிஃப்டில் போடும் வகைதான் சரி. அதிலும் இரண்டு உண்டு. ஒன்று முழுக்க மூடியது. இன்னொன்று, மூடியைத் திருகித் திறந்து தண்ணீர் ஊற்றுவது.

மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? திறந்து பார்க்கக்கூடியதையே வாங்கினேன். பயந்தவள் கண்ணால் பார்த்தால்தானே நம்புவாள்!

வெள்ளிக்கிழமை வந்து இடம் பார்த்து வைக்கிறேன் என்று சிவம் சொல்லியிருந்தான். புதன்கிழமையே வானம் கறுத்துவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. தவுக்கேயையே கூப்பிட்டு மாட்டச் சொன்னேன். எங்கே வைப்பது? வாசலில் சாரல் அடிக்கும். சமையலறையில் அடுப்பு. வீட்டிலேயே சுத்தமான, ஈரம் படாத, யார் காலும் படாத இடம் எது? சாமி அறை!

வைத்தது மட்டுமா? புது வண்டிக்குச் செய்வதுபோல் சந்தனம் குங்குமம் வைத்தேன். மேலே ஒரு முழம் மல்லிகை. என்னைப் பார்த்துத் தவுக்கேயும் பேட்டரியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி. வெயில் இன்னும் கூரையில் இருந்தது. குத்துவிளக்கைத் துடைத்து, பேட்டரிக்கு முன்னாலேயே வைத்து, ஐந்து முகமும் ஏற்றினேன். அப்போதுதான் சிவம் வந்தான், வாசலிலிருந்தே பார்த்துவிட்டான்.

செருப்புக் காலோடு பாய்ந்தவன், அந்த அவசரத்திலும் விளக்கை வாயால் ஊதவில்லை. மல்லிகையில் ஒரு கொத்தைக் கிள்ளி, ஒவ்வொரு திரியாக அமர்த்தினான். பிறகு ஜன்னலை அகலத் திறந்தான்.

"அண்ணி, சார்ஜ் ஆவறப்ப இது கேஸ் விடும். நெருப்பு பட்டா வெடிச்சிடும்."

அமர்த்திய விளக்கைத் தூக்கி அறைக்கு வெளியே வைத்தேன்.

"அண்ணனுக்கு இருமல் ஜாஸ்தியா இருக்கா?"

இருந்தது. புதன்கிழமையிலிருந்து. சாமி அறைக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். மழைக் குளிர் என்று நினைத்திருந்தேன். அதிலிருந்து வரும் ஆசிட் ஆவி ஆஸ்துமாக்காரருக்கு ஆகவே ஆகாதாம். அவர் மூச்சுக்காக வாங்கி வந்து, அவர் மூச்சுக்கே பகையாக வைத்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

எதை வாங்குவது என்று தெருவெல்லாம் கேட்டவள், எங்கே வைப்பது என்று ஒருவரையும் கேட்கவில்லை. பயம் நம்மை ஆயிரம் கேள்வி கேட்க வைக்கிறது. கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் எப்படியோ விட்டுவிடுகிறது.

பேட்டரி இப்போது பின்கட்டில், காற்றோட்டமான மரப்பெட்டியில், தகரக் கூரைக்குக் கீழே. வயர் மட்டும் உள்ளே நெபுலைசருக்கு வருகிறது. இருமல் இரண்டே நாளில் குறைந்தது.

நேற்று மத்தியானம் இடி. தலைக்கு மேலே காற்றாடி மெல்ல நின்றது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நெபுலைசர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் முகமூடியைத் தூக்கி, "கரண்ட் போயிடுச்சா?" என்றார்.

"போனா போவட்டும்லா, நீங்க மூச்ச விடுங்க."

விட்டார். அப்புறம்தான் நானும் விட்டேன்!