மாமாவுக்கு முழங்காலில் ஊசி

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்பதால், யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் நான்தான் கூடப் போக வேண்டும். இந்த முறை மாமாவுக்கு மூத்திரப் பாதையில் அடைப்பு. காளவாசலில் இருக்கும் டாக்டர், மாமாவுடைய ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றி, தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை அடைப்புள்ள இடத்தில் ஊசியாகப் போட்டுப் பார்க்கலாம், பலன் உறுதியில்லை என்றார்.

“ஊசி எங்கனன்னு வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள நடமாட முடியாது மாப்ள,” என்றார் மாமா.

நான் அத்தையிடம் போனில், “ரத்தம் எடுக்குறாக” என்று மட்டும்தான் சொன்னேன். எங்கள் பக்கம் அது போதும். ஒரு மணி நேரத்தில் லோடு ஆட்டோ நிறையச் சொந்தக்காரர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

“அவரு ரத்தமே போதுமாம்,” என்றேன்.

“அப்ப ஊசி எங்கன?” என்றார் மாமாவின் அண்ணன், என் பெரிய மாமா. மூத்திரக் கோளாறு டாக்டர் என்ற வாசல் போர்டு நல்லவேளையாக இங்கிலீஷில் இருந்தது. “முழங்கால்ல,” என்றேன்.

“அட, எனக்கும் உக்காந்தா எந்திரிக்க முடியல!” அவர் உடனே டோக்கன் வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா என் கையைப் பிடித்து நசுக்கினார்.

பெரிய மாமா திரும்பி வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். “காலத் தொட்டுக்கூடப் பாக்கல. ஒண்ணுக்கு எப்படிப் போகுதுன்னு கேக்குறாரு.”

மாமா சட்டென்று தன் முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “அதுவும் சரியில்லதான். சொல்லிட்டு வந்துட்டேன். யாரு கேட்டாலும் முழங்காலுன்னே சொல்லுங்கப்பா.”