இடைவேளை வரை மட்டும் காதலன்

டீசல் புகை, உரித்த ஆரஞ்சுத் தோல், பின்சீட்டுக்காரரின் வாந்தி… மூன்றும் கலந்த அந்த வாசனையை நினைத்தாலே போதும், என் காதில் அந்தப் படத்தின் பாட்டு ஓட ஆரம்பித்துவிடும்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வீடியோ பஸ். அந்த சீசன் முழுக்க ஒரே படம். காலையில் ஏறும்போது முதல் பாதி, மாலையில் இறங்கும்போது மறு பாதி. நடுவில் கேசட்டைத் தொடக்கூடாது என்பது கண்டக்டர் போட்ட சட்டம். அரசியல் சாசனத்தையாவது திருத்தலாம்!

நானும் முத்துவும் கொடைக்கானலில் ஒரே ஸ்வெட்டர் கடையில் வேலை. ஊர் திரும்புவது பூம்பாறைப் பூண்டு லாரியில், ஓசியில். ஆகவே நாங்கள் கண்டது முதல் பாதி மட்டும். நாயகன் நாயகியின் பின்னாலேயே நடப்பான், மழையில் நிற்பான், கையைக் கிழித்துக்கொள்வான்… உலகத்தில் காதலைக் கண்டுபிடித்தவனே அவன்தான் என்று மலையெங்கும் பிரகடனம் செய்து திரிந்தேன்.

முத்துவுக்கு எதிர்க்கடை ஜெயந்தி மேல் உயிர். ஒரு மதியம், நாயகன் மாதிரியே அவளை வழிமறித்து நின்றான்.

"நீ எனக்குத்தான்."

ஜெயந்தி அசரவில்லை. அவள் இரண்டு வேளையும் பஸ்ஸில் போகிறவள்.

"ஏப்பா, மிச்சப் படத்தப் பாத்தியா? அவளுக்கு நிச்சயம் பண்ண மாப்பிள்ளைய வெட்டிட்டு, அவளையும் மலையிலருந்து தள்ளிவிடுறான். பாத்துட்டு வா. அப்பறமும் இதே மூஞ்சியோட நின்னே, செருப்புதான்!"

அன்று மாலை முத்து லாரியை விட்டு பஸ் ஏறினான். மறுநாள் அவளிடம் போய், "ஏங்க… என்னைய உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்றான்.

"யோசிச்சுச் சொல்றேன்."

அந்த யோசனை ஒரு யுகம் நீண்டது. இவன் சாப்பிடவில்லை, இவனைப் பார்த்து எனக்கும் இறங்கவில்லை. கடைசியில் சரி என்றாள்.

இத்தனை வருஷம் கழித்து, போன வாரம் அந்தப் படம் முழுசாகப் போனில் சிக்கியது. பார்த்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வெட்டுக்குத்து மறு பாதியில் திடீரென்று வரவில்லை. முதல் பாதியிலேயே நாயகன் அவள் கையை முறுக்குகிறான்… படத்தை எழுதி இயக்கியவர் அதன் மேல் புல்லாங்குழலைப் போர்த்தியிருக்கிறார். எமகாதகர்!

முத்து வீட்டுக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினேன். எடுத்தது ஜெயந்தி. எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அது கெடக்கட்டும்ணே. பாட்டு முழுக்க அவ பின்னாலேயே போறானே… அவ எங்க போய்க்கிட்டிருந்தா?"

அப்போது கழுத்து சுளுக்க எட்டி எட்டிப் பார்த்த படம். இப்போது உள்ளங்கையில், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். நிறுத்தி நிறுத்தித் தேடிவிட்டேன். தோளில் பை தொங்குகிறது, அவசரமாக நடக்கிறாள்…

எங்கே என்று ஒரு வரிகூட எழுதவில்லை அந்தக் கதையை எழுதிய மனுஷன்.