முகம் மாறியதற்கு ஒரு நம்பர்

டாக்டர் எழுதியதை நம்பராக்கிக் கட்டிவைப்பது எங்கள் தொழில். ஆள் குணமானானா என்பது எங்களுக்கு வேண்டாத விஷயம். ரெக்கார்டு ரூமில் தூசி தின்ற சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி, எனக்கு எப்போதும் ராத்திரி டூட்டி. எட்டாவதோடு நின்றவன். அகராதியை வைத்துக்கொண்டு நானாகக் கற்ற இங்கிலீஷில் காலம் தள்ளினேன்.

முதல் வரி

எண்பதுகளின் தொடக்கம். நோய்களுக்கெல்லாம் நம்பர் கொடுத்த தடித்த புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது. முதல் நாள் ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் கடைசிப் பக்கம்வரை படித்து நம்பர் போட்டேன். நூறில் பதினெட்டுதான் முடிந்தது. காலையில் ஹெட்கிளார்க் அந்தோணிசாமி வந்து மிச்சக் கட்டைப் பார்த்தார். "முதல் வரியில என்ன கம்ப்ளெயின்ட்டோ அதுக்கு நம்பர் போடுய்யா. ரெண்டாவது வரியப் படிக்க உனக்குச் சம்பளம் கிடையாது."

தலைவலி

ஒருநாள் காலை கிளம்பும் நேரம், ஜன்னலில் ஒரு கை. அப்படியொரு கையை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு விரலும் மொந்தன் வாழை. புதுச்சத்திரம் பழனிசாமி, லாரி டிரைவர். தாடை முன்னே தள்ளி, மூக்கு அகன்று, உதடு தடித்திருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில், போட்டோவில் இருப்பது நீ இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "சீக்குலதான் மூஞ்சி மாறிப்போச்சுன்னு ஒரு காயிதம் குடுங்க" என்றார்.

போன வருஷம் இங்கே பத்து நாள் படுத்திருந்தவர். ரிஜிஸ்டரைப் புரட்டினேன். என் கையெழுத்தில் 784, தலைவலி. அதையே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அதே ஜன்னலில் நின்று, லைசென்ஸ் ஆபீசர் சொன்னதை ஒப்பித்தார்: "எனக்குந்தான்யா தெனம் தலைவலி, என் மூஞ்சி மாறிச்சா?"

மூன்றாவது பக்கம்

அவரை உட்காரவைத்துவிட்டு கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்தேன். மூன்றாவது பக்கத்தில் டாக்டர் தெளிவாகவே எழுதியிருந்தார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி, அதில் கட்டி. அதனால் வளர்ந்து முடித்த ஆளுக்குக் கையும் காலும் தாடையும் மறுபடி வளர்கின்றன. மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இவர் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போய்விட்டார்.

784-ஐ அடித்து, அந்தச் சுரப்பி நோய்க்கான 253 போட்டேன். செய்த பாவத்துக்குப் பரிகாரமாகப் பக்கம் முழுவதையும் பிரதி எடுத்து, டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கினேன். கட்டி கண் நரம்பை அழுத்துவதால் இரண்டு பக்கப் பார்வையும் குறைவு என்ற கடைசி வரியையும் விடவில்லை. கட்டியைப் பற்றி அவருக்கு விளக்கினேன். அந்த வரியை வாசித்துக்காட்டத் தோன்றவில்லை. "என்னயப் பத்தி இத்தன எழுதி வெச்சுக்கிட்டா தலைவலின்னு குடுத்தீங்க, சாமி?"

லைசென்ஸ்

பத்து நாள் கழித்து வந்தார். போட்டோவில் இருப்பது அவர்தான் என்று ஆபீசர் ஒத்துக்கொண்டாராம். காகிதத்தைக் கடைசிவரை படித்தவர், பக்கப் பார்வை இல்லாதவனுக்கு லாரி எதற்கு என்று லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டாராம். "நாளைக்கு யார் மேலயாவது ஏத்திட்டா..." என்று ஆரம்பித்தேன். பழனிசாமி கோபப்படவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பக்கத்துல வர்ற வண்டி தெரியறதில்லைங்கறது நெசந்தானுங்க. அத ஏனுங்க காயிதத்துல எழுதுனீங்க?"

அந்த முதல் நாள் பதினெட்டை விட்டால், இத்தனை வருஷ சர்வீஸில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் கடைசிவரை படித்துச் சரியான நம்பர் போட்டேன், அவர் பிழைப்புப் போயிற்று. தப்பான நம்பர் வாங்கியவர்களெல்லாம் வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.