தேர் நின்று நின்றுதான் போகிறது

பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய நேரத்தில் என் மகள் மீனா, "மில்லுக்கே போயிடுறேம்ப்பா" என்றாள். அழவில்லை. சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழாமல் சொன்னதுதான் என்னை உடைத்துவிட்டது.

பஜனைக்கு வரும் உங்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். பின்னால் தூணோரம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பாடுகிறவன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஆண்டாள் தாயார் எனக்குச் செய்ததை மனதுக்குள் பூட்டி வைக்க முடியவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது சத்தமாகப் படியுங்கள்.

செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறியில் எனக்கு வேலை. அந்தத் துணி வலை மாதிரி இருக்கும். கண்ணுக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் எல்லாம் தெரியும், எதுவும் தெளிவாக இருக்காது. சின்ன வயதில் மீனா அதை முகத்தில் போட்டுக்கொண்டு மலையைப் பார்ப்பாள். மலை மேல் மேகம் இறங்குவது அவளுக்கு ஒரு நாளும் சலித்ததில்லை. வளர்ந்த பிறகும் அந்தத் துணியை அவள் முகத்திலிருந்து எடுக்க எல்லோரும் மறந்துவிட்டது போலத்தான் இருந்தாள்.

சேட்டை கிடையாது. எதிர்த்துப் பேச மாட்டாள். அதனாலேயே எங்களுக்கு ரொம்ப நாள் ஒன்றும் புரியவில்லை. ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம் முடிந்து பஸ் ஏறுவாள். நம் ஊர் வந்தது தெரியாமல் கடைசி ஸ்டாப் வரை போய்விடுவாள். ஒரு நாள் அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீயை அணைத்துவிட்டது. வீடு முழுக்க கேஸ் வாடை. அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். நான் ஓடி வந்து கேஸை மூடிய பிறகு, "எப்பப்பா வந்தீக?" என்று கேட்டாள்.

புத்தகத்தை விரித்தால் முதல் வரியிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். "ஏம்மா, அந்தப் புத்தகத்துல என்னதான் கஷ்டம்?" என்று கேட்டேன்.

"புத்தகம் நல்லாத்தாம்ப்பா இருக்கு. நாந்தான் அங்க இருக்க மாட்டேங்கேன்."

அவளுடைய டீச்சர், மனதுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரிடம் காட்டிப் பாருங்கள் என்றார். என் மச்சினன் குதித்தான். "பொம்பளப் பிள்ளய அந்த டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? பேசாம மில்லுல சேத்து விடுங்க அத்தான்." நான் பயந்தேன். மந்திரித்த கயிறு கட்டினோம். விபூதி போட்டோம். கயிறு நைந்து போனது. மீனா அப்படியேதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பேர் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் போனால் அதிகம்.

அந்த வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். நான் ஒரே ஒரு வேண்டுதலோடு போனேன். "தாயே, என் பிள்ளையை அசையாமல் ஒரு இடத்தில் உட்கார வை. அவள் மனதை ஒரு நிலைக்குக் கொண்டு வா."

காலையிலேயே சாரல். மண்ணும் துளசியும் சேர்ந்த வாசனை. தூரத்தில் இருந்து தேரைப் பார்த்தால் கோபுரம் ஒன்று தெருவில் எழுந்து நடந்து வருவது போல இருந்தது. மேளச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. நானும் மீனாவும் வடத்தைப் பிடித்துக்கொண்டோம். நனைந்த வடம் கைக்குள் உயிருள்ளது மாதிரி இறுகும், பிறகு தளரும். தாயாரும் பெருமாளும் இருக்கிற அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்தபடியே நான் எங்கேயோ போய்விட்டேன்.

"ஏ அண்ணாச்சி! வடத்த இழுக்கச் சொன்னா ஊஞ்சலாடுதீகளே!" என்று பின்னால் ஒருவர் சத்தம் போட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீனாவும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

தேர் கொஞ்ச தூரம் வந்தது. சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டார்கள். நின்றது. எல்லோரும் மூச்சு வாங்கினோம், தண்ணீர் குடித்தோம். "கோவிந்தா! கோபாலா!" என்று குரல் எழும்பியது. கட்டையை எடுத்தார்கள். மறுபடி நகர்ந்தது. மறுபடி கட்டை. மீனா சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் ஒரு இடத்தில் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

"அப்பா, இம்புட்டுப் பெரிய தேரே செத்த நேரம் நின்னு நின்னுதான் போகுது. யாரும் அத வையல. என்னய மட்டும் ஏம்ப்பா ஒரே மூச்சுல போகச் சொல்றாக?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அசையாமல் உட்கார வை என்றல்லவா நான் கேட்டேன்? அசையாத தேரை வைத்து யார் என்ன செய்வது? என் வேண்டுதலே தப்பு என்று தேரில் இருந்தவள் என் மகள் வாயால் சொல்லிவிட்டாள். சாரலோடு சாரலாக அழுதேன். நல்லவேளை, யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரமே டாக்டரம்மாவிடம் போனோம். பொறுமையாக எல்லாம் கேட்டார். இது கவனக்குறைபாடு, சோம்பேறித்தனமும் இல்லை, புத்திக் குறைவும் இல்லை என்றார். பெண் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருப்பதால் வீட்டில் தெரியாமலே போய்விடுகிறதாம். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டார்.

என் மனைவி பேச்சியம்மாள் யோசிக்கவே இல்லை. "இந்தா, பக்கத்துலயே உக்காந்திருக்காகல்ல! உப்பு வாங்கப் போனா குடைய வாங்கிட்டு வருவாக. அந்தக் குடையவும் பஸ்ஸுல விட்டுருவாக."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கு வெட்கம். ஆனால் மீனா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! தனியாக ஒரு தீவில் இருந்தவள் எதிரே இன்னொரு ஆளைக் கண்டது போல இருந்தது.

மாத்திரை கொடுத்தார். அதையும் தாயார் பிரசாதம் என்றே கை நீட்டி வாங்கினேன். மாத்திரையோடு வழியும் சொன்னார். கொஞ்சம் படிக்க வேண்டும், எழுந்து நடக்க வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். மேஜையில் ஒரே ஒரு புத்தகம். பக்கத்தில் ஒரு ஆள் சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருப்பது எனக்கு வரும். சாயங்காலம் தறியிலிருந்து வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேண்டேஜ் துணியை மடிப்பேன். அவள் படிப்பதில் ஒரு எழுத்தும் எனக்குப் புரியாது. அவள் கண் மலைக்குப் போக ஆரம்பித்தால், "கட்டை!" என்பேன். எழுந்து வாசல் வரை நடப்பாள், தண்ணீர் குடிப்பாள். "கோவிந்தா!" என்பேன். வந்து உட்காருவாள். "அப்பனும் மகளும் வீட்டுக்குள்ளயே தேர் இழுக்குறாகளே" என்று பேச்சியம்மாள் கிண்டல் செய்வாள். ஆனால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வாள்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அரையாண்டில் கணக்கு போய்விட்டது. அன்றைக்கு மறுபடி மில் பேச்சு வந்தது. "தேர் திரும்புற எடத்துலதான் தாயி ரொம்ப நேரம் நிக்கும்" என்று மட்டும் சொன்னேன். பிறகு அவளே கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

பரீட்சை அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மணி அடித்தபோது "கோவிந்தா" என்று எனக்குள் சொன்னேன். வெளியே வந்தவள், "நீங்க கட்டை போடுற சத்தம் உள்ளயே கேட்டுச்சுப்பா" என்றாள். பாஸாகிவிட்டாள். பெரிய மார்க் இல்லை. எங்களுக்கு அதுவே மலை. இப்போது பதினொன்றாம் வகுப்பு. இன்னும் பஸ்ஸில் சில நாள் தூரம் போய்விடுவாள். போன் செய்து சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

உங்கள் வீட்டிலும் பக்கத்திலேயே இருந்துகொண்டு எங்கேயோ இருக்கிற பிள்ளை இருக்கலாம். வையாதீர்கள். டாக்டரிடம் போக வெட்கப்படாதீர்கள். தாயாரிடம் கேளுங்கள், நீங்கள் கேட்ட மாதிரி கொடுக்காவிட்டாலும் கேளுங்கள். பிறகு பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இந்த ஆடியிலும் போயிருந்தோம். மீனா எனக்கு முன்னால் வடம் பிடித்திருந்தாள். நான் ஒன்றும் வேண்டவில்லை. சாயங்கால வெயிலில் தேர் மெல்ல மெல்ல நிலைக்கு வந்து சேர்ந்தது. வழியில் எத்தனை தடவை நின்றது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.