மொட்டை மாடிக்கு ஒரு மேட்

திண்டிவனத்தில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில் அவரைச் சந்தித்தேன். மலையேறப் போகும்போது சுருட்டி எடுத்துச்சென்று, தரையில் விரித்துப் படுக்க எனக்கு ஒரு மேட் தேவைப்பட்டது. கறுத்து மெலிந்த அந்த மனிதர், கடைக்காரர் விரித்த ஒவ்வொரு மேட்டிலும் ஒருக்களித்துப் படுத்து, இடுப்பெலும்பில் தரை முட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த மலைக்குங்க?” என்றேன்.

“மலையா? பொம்மையார்பாளையத்துல நம்ம ஊட்டு மொட்டை மாடிக்கு சார். சனி, ஞாயிறு ஆனா கடல் பாக்க வர்றவங்களுக்கு ஊட்ட வாடகைக்கு வுட்டுட்டு நாங்க மேல போயிடுறோம். பொண்டாட்டிக்கு இடுப்புல ஆபரேஷன் பண்ணியிருக்கு. வெறும் பாயில படுத்துக்கினு அழுவுறா.”

“கட்டிலை மேலே கொண்டுபோயிடலாமே?”

“கட்டில் இல்லாத ஊட்டுக்கு எவன் சார் வருவான்? அதுல படுத்துட்டு, சூப்பரா தூங்கினோம்னு போன்ல அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போறாங்க.”

இருந்ததிலேயே தடிமனான மேட்டை எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது, “நீங்க எங்க சார் படுக்கப் போறீங்க?” என்று கேட்டார்.

“மலை உச்சியில, வெட்டவெளியில.”

“ஏன் சார், ஊட்ல இடமில்லையா?”

கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்டார். ஆசைக்காகப் போகிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.