கடவு எண் அக்காவிடம் இருக்கிறது

ஆக்லாந்தில் பேருந்தில் போகும்போது நான் கைபேசியைத் திறக்க எடுத்தால், பக்கத்து இருக்கைக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார். யாரோ சட்டை மாற்றுகிறார், பார்க்கக் கூடாது என்பதுபோல. எங்கள் எண்ணூரில் நான் கீழே வைத்தால் அது தெருவின் போன். போன விடுமுறையில் படகுக்காரர்கள் அதில் காற்று நிலவரம் பார்த்தார்கள், எதிர்வீட்டு அண்ணி சீரியல் பார்த்தார். புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த என் அக்கா செல்வி எரிச்சலாகிப் புதுக் கடவு எண் போட்டாள். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னாள். எனக்குக் கைரேகையே போதுமானதாக இருந்ததால் நான் மட்டும் கேட்கவில்லை.

அந்த விடுமுறை முடிந்து ஆக்லாந்தில் இறங்கியதும் சுங்க அதிகாரி ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போனைத் திறக்கச் சொன்னார். வழியில் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்த போன், அவர் மேசையில் உயிர்பெற்றதும் கைரேகையை ஏற்காமல் எண்ணைக் கேட்டது. இங்கே சந்தேகப்பட்டுக் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். காரணமில்லாமல் மறுத்தால் அபராதம், போனும் போய்விடும். நானோ வேலை விசாவில் இருப்பவன்.

"மறுக்கிறீர்களா?"

"இல்லை, எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். மாமாவுக்கு, படகுக்காரர்களுக்கு, எதிர்வீட்டுக்கு..."

அவர் பேனாவை எடுத்தார். "இவர்கள் எல்லாரும் ஒரே அமைப்பா?"

"ஒரே தெரு."

கடைசியில் அவருடைய மேசைத் தொலைபேசியிலிருந்தே, ஒலிபெருக்கியைப் போட்டு, அக்காவை அழைத்தோம். விஷயத்தைச் சொன்னேன்.

"கஸ்டம்ஸ்ஸா? நேத்துகூட ஒர்த்தன் இதையேதான் சொல்லிக்கினு போன் பண்ணான். என் தம்பி கொரல்லயே பேசுறியா, பேமானி! டிவில காட்னாங்கடா, கொரலையே காப்பி அடிக்கிறீங்களாமே!"

"என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி.

"நான்தானா என்று சரிபார்க்கிறார்" என்றேன்.

அவர் மெச்சுதலோடு தலையசைத்தார்.

"நீ என் தம்பின்னா சொல்லு, என் கல்யாணத்தன்னிக்கு இன்னா பண்ணே?"

பதிலை அதிகாரிக்கு ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டியதாயிற்று. அக்காவைக் காசிமேட்டுக்கு அழைத்துப்போக வந்த வேனில் நான் முதலில் ஏறி உட்கார்ந்து, இறங்க மாட்டேன் என்று அழுதேன். மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

"வயசு இன்னா அப்போ?"

"பதினேழு."

"மீசை?"

"இருந்தது, அக்கா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. "நீதான்டா. எய்திக்கோ. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு."

"இதுவா எண்?"

"உனுக்கு மறந்துட்டா பேஜாரா பூடும்னு ஈசியா வெச்சேன்."

போன் திறந்தது. வஞ்சிரம் மீன், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த மொட்டைமாடி, அக்கா கண்ணை மூடியபடி இருக்கும் ஏராளமான படங்கள். அதிகாரி நிதானமாகத் தள்ளிப் பார்த்தார். தேடியது எதுவோ, அது இல்லை போலிருக்கிறது. போகலாம் என்றார். போனை நீட்டும்போது, புகைபோக்கிகளுக்கு முன்னால் படகு நிற்கும் படத்தைக் காட்டி, "இது எங்கே?" என்று சும்மா கேட்டார்.

"வீடு" என்றேன்.

அவர் நான் எழுதிக்கொடுத்திருந்த ஆக்லாந்து முகவரியைப் பார்த்தார். "அப்படியானால் இந்த முகவரி?"

துண்டிக்கப்படாத தொலைபேசியில் அக்கா கத்திக்கொண்டிருந்தாள். "இன்னா நைனா, வுட்டானுங்களா? வூட்டுக்குப் போய்ட்டியா?"

இருவரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.