பத்தொன்பது எக்ஸ்ரே உறைகள்

1. மணல்

லண்டனில் நிலத்துக்குக் கீழே இருந்த ஓர் அறையில் பாலைவன மணலைக் கூட்டி அள்ளியவன் நான். பொய்யில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் கையில் தும்புத்தடியைத்தான் தந்தார்கள்.

அது ஒரு சுரங்கக் கம்பெனியின் தலைமை அலுவலகம். நமீபியாவின் பாலைவனத்தில் பல வருடங்கள் செம்பு தோண்டிவிட்டு, செம்பு தீர்ந்ததும் சுரங்கத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டார்கள். அங்கிருந்த ஆபீஸ் காகிதங்களை மட்டும் கொள்கலன்களில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெட்டிகளை எங்கே தூக்கி வைத்தாலும் அடியிலிருந்து மெல்லிய மஞ்சள் மணல் கொட்டும். நான் ரெக்கார்ட்ஸ் அசிஸ்டன்ட். அகதியாக வந்து, பெட்ரோல் செட்டிலும் சூப்பர்மார்க்கெட்டிலும் நின்று களைத்த எனக்கு, கதிரையில் இருந்து செய்யும் வேலை என்பதே பெரிய காரியமாகத் தெரிந்தது.

என் மேலதிகாரி மிஸஸ் லெட்சுமி. மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெண். நல்லவர், ஆனால் கண்டிப்பு. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ராஜன், ஒரு விஷயம். பெட்டியத் திறந்து படிச்சிக்கிட்டு உக்காராதீங்க. லிஸ்ட்டப் பாருங்க. லிஸ்ட்டுல தேதி முடிஞ்சிருச்சா, டிஸ்போசல் ஃபார்ம்ல சைன் பண்ணுங்க, அனுப்புங்க. அவ்வளவுதான் நம்ம வேலை."

"ஓம் மேடம்" என்றேன். அந்த 'ஓம்' இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

லிஸ்ட் என்றால் ரிடென்ஷன் ஷெட்யூல். எந்தக் காகிதத்தை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்க வேண்டும் என்ற பட்டியல். சம்பளப் பதிவேட்டுக்கு ஒரு கணக்கு, வரைபடத்துக்கு ஒரு கணக்கு. எங்கள் தொழிலில் அதுதான் வேதம். நானும் சின்ன வயதிலிருந்து சொன்னதைச் செய்து பழகியவன்.

2. வெள்ளி

சில வருடங்களில் எக்ஸ்ரே படங்களின் முறை வந்தது. சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் நெஞ்சுப் படங்கள். பட்டியலின்படி வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், பழைய எக்ஸ்ரே பிலிமில் வெள்ளி இருக்கிறது. அதைப் பிரித்து எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. வான் வண்டியில் வந்து ஏற்றிப் போவார்கள். ஆனால் அவர்களுக்குக் காகிதம் ஆகாது. ஒவ்வொரு பிலிமையும் அதன் உறையிலிருந்து உருவி எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்று கிழமை அந்த வேலையை நான் தனி ஆளாகச் செய்தேன். ஆயிரக்கணக்கான நெஞ்சுகள்.

ஒரு நாள் மட்டும் ஒரு படத்தை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். விலா எலும்புகளுக்கு நடுவே ரவை சிந்தினது போல வெள்ளைப் புள்ளிகள். அடுத்ததிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

"என்ன ராஜன், டாக்டருக்குப் படிக்கப் போறீங்களா?" என்று மிஸஸ் லெட்சுமி பின்னால் நின்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு படத்தைக் கட்டோடு சேர்த்தேன். மண்ணுக்குள் உலோகம் எடுக்கப் போனவர்களின் நெஞ்சுப் படத்திலிருந்தும் கடைசியில் உலோகம்தான் எடுத்தார்கள். இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். வேலை போனால் மோர்கேஜ் யார் கட்டுவது?

வெற்று உறைகள் அரைக்கும் மெஷினுக்குப் போக வேண்டியவை. கெட்டியான பழுப்புக் கடதாசி, பெரிய அளவு. வீணாகப் போகிறதே என்று நல்லதாகப் பார்த்துக் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அகதி வீட்டில் காகிதம்தான் சொத்து. ஹோம் ஆபீஸ் கடிதம், பிறப்புச் சான்றிதழ், விசா மறுத்த கடிதம், பிறகு தந்த கடிதம், பிள்ளைகளின் ஸ்கூல் ரிப்போர்ட் எல்லாவற்றையும் மடியாமல் வைக்க அதைவிடத் தோதான உறை கிடையாது. என் மனைவி விஜிக்குச் சரியான சந்தோஷம்.

3. செல்மா

இரண்டு வருடம் கழித்து, ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். நமீபியாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார், கீழே அனுப்புகிறோம் என்று.

செல்மா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூட ஆசிரியை. லூயிஷாமில் தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் எங்கள் கம்பெனியைத் தேடிப் பிடித்திருக்கிறார். மேசையில் நான் வைத்த தேநீரைத் தொடாமல், நிதானமான ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய அப்பா வடக்கிலிருந்து ஒப்பந்தத்தில் சுரங்கத்துக்கு வந்தவர். கையில் நம்பர் தகடு. பெரிய கொட்டிலில் வரிசையாகக் கட்டில்கள். மனைவி பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. அம்மா பின்னாலேயே வந்து, குன்றுக்கு அந்தப் பக்கம் தகரக் குடிசை போட்டிருக்கிறார். அப்படி வந்த குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஊராகிவிட்டன. சுரங்கம் மூடிய பிறகும் போக இடமில்லாதவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், வீட்டு வாசலில் மணலை அள்ளிக் கொட்டியபடி.

"அப்பா இருமி இருமித்தான் செத்தார். கம்பெனி டாக்டர் அது டிபி என்றார். டிபி வீடு என்று எங்கள் வீட்டில் ஒருவரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அப்பா போய் இவ்வளவு காலத்துக்குப் பிறகும் சில பேர் குடிப்பதில்லை. அம்மா மட்டும் அது டிபி இல்லை, சுரங்கத் தூசு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு இனி அதிக நாள் இல்லை. அப்பாவின் எக்ஸ்ரே இங்கே இருக்கிறது என்றார்கள். அதை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான்."

நான் மிஸஸ் லெட்சுமியைப் பார்த்தேன். அவர் டிஸ்போசல் ஃபார்மை எடுத்து வந்து வைத்தார். அழித்த பொருள், அதிகாரம் தந்த பட்டியல், கையெழுத்து. எல்லாம் முறைப்படி இருந்தது.

செல்மா அதை இரண்டு முறை படித்தார். "இந்தக் கையெழுத்து யாருடையது?" என்று கேட்டார்.

"என்னுடையது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அன்றிரவு தூங்கியிருப்பேன். கைப்பையை எடுத்துக்கொண்டு, "வரும் ஞாயிறு திரும்பிப் போகிறேன்" என்று மட்டும் சொன்னார். தங்கையின் போன் நம்பரைத் தந்துவிட்டுப் போனார்.

4. அலுமாரி மேல்

எலிசபெத் லைன் ரயிலில் மனோர் பார்க் வந்து இறங்கும்போதுதான் வீட்டில் இருக்கும் உறைகளின் நினைவு வந்தது. படம் போனாலும் செல்மாவின் அப்பா பெயர் போட்ட உறையாவது இருக்கலாம். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அலுமாரி மேலிருந்த சூட்கேசை இறக்கி, உறைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன்.

"என்னப்பா செய்யிறியள்? ஹோம் ஆபீஸ் கடிதத்தையெல்லாம் நிலத்தில கொட்டுறியள்! உங்களுக்கென்ன விசரே?" என்று விஜி சத்தம் போட்டாள்.

"உறை வேணும் விஜி. உறை ஒருத்தருக்கு வேணும்."

பத்தொன்பது இருந்தன. முகப்பில் நம்பரும் பெயரும். மூலையில் பென்சிலால் சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. இந்த இரண்டு வருடமும் எங்கள் குடும்பப் பத்திரங்களை அதற்குள் வைத்து எடுத்த நான் ஒருநாளும் அதை வாசிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். டாக்டரின் கையெழுத்து. 'தூசு. ஆளிடம் சொன்னது டிபி.' அடுத்ததிலும் அதேதான். பதினொரு உறைகளில் அப்படி எழுதியிருந்தது.

நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல விஜி என் தோளுக்கு மேலால் பார்த்தாள். "அந்த மனிசியின்ர தகப்பன்ர பேர் இருக்கே?"

மூன்று முறை பார்த்தேன். இல்லை.

சனிக்கிழமை லூயிஷாம் போய், பத்தொன்பதையும் செல்மாவின் கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தார். இவர் எங்கள் பக்கத்து வீடு. இவர் தேவாலயத்தில் பாட்டுப் பாடுபவர். இவர் மகனோடு நான் படித்தேன். கடைசி உறை முடிந்ததும் முதலாவதைத் திரும்ப எடுத்தார். அதில் இல்லாதது இரண்டாம் முறை பார்த்தால் வந்துவிடுமா? எனக்குத் தெரியும், வராது. ஆனால் நானும் அப்படித்தான் மூன்று முறை பார்த்தேன்.

"இதற்குள் என்ன வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் அகதிக் காகிதங்களை" என்றேன். வெட்கமாக இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, உறைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

5. ஒரு கேள்வி

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் செல்மாவின் போன் வந்தது. அந்தப் பதினொரு வீடுகளுக்கும் உறையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். அம்மாவிடமும் உண்மையைச் சொல்லியிருக்கிறார், அப்பாவின் உறை கிடைக்கவில்லை என்று. அம்மா நம்பவில்லை. படங்களைக் கையால் எடுத்த மனிதனிடமே கேட்க வேண்டும் என்று நிற்கிறார்.

தொலைவில் ஒரு கிழவியின் குரல். செல்மா ஆங்கிலத்தில் சொன்னார். "என் கணவரின் படத்தை உன் கையால் தொட்டாயா என்று கேட்கிறார்."

"தொட்டேன்" என்றேன். அது பொய்யாக இருக்காது. எல்லாவற்றையும் நான்தான் தொட்டேன்.

"உறையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கிறார்."

செல்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று. அவர் எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. காத்திருந்தார்.

"தூசு என்று எழுதியிருந்தது."

செல்மா அதைத் தன் மொழியில் சொன்னார். கிழவி அழுதாரா சிரித்தாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அம்மா பக்கத்து வீட்டாரைத் தண்ணீர் குடிக்கக் கூப்பிடப் போகிறாராம்" என்று செல்மா சொன்னார். போனை வைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு பெட்டியையும் திறந்து பார்க்காமல் நான் அனுப்பவில்லை. மிஸஸ் லெட்சுமி முணுமுணுப்பார், ஆனால் தடுத்ததில்லை. இந்த வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியதும் அவ்வளவுதான். திறந்து பாருங்கள். பெயர் இருந்தால் ஒருமுறை வாசியுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

செல்மாவின் அப்பாவுடைய உறையில் என்ன எழுதியிருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. டிபி என்றே கூட இருந்திருக்கலாம். அதை அழித்த ஃபார்மில் கையெழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. அது என்னுடையது.